நாட்டில் இல்லாத பிள்ளை

1

போன வியாழக்கிழமை அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறதாம். கேக்கின் மேல் நகராட்சிச் சின்னத்தைச் சாக்லேட்டில் வரைந்து, அதைச் சுற்றி ஆறு குழந்தைகள் கைகோத்துச் சிரிப்பதுபோல ஒரு படம் போட்டிருந்தார்கள். குழந்தைகளை வெட்ட மனசில்லாமல் கத்தியைச் சின்னத்தின் பக்கம் கொண்டுபோனேன். சின்னத்தை வெட்டக் கூடாது, ஓரமாக வெட்டு என்று பின்னாலிருந்து யாரோ அவசரமாகச் சொன்னார்கள். ஆகவே குழந்தைகளைத்தான் வெட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கேக்கோடு கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழும் கிடைத்தது. பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதற்காக இல்லை. இந்த ஆண்டில் அதிகக் கோப்புகளை முடித்து வைத்ததற்காக. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். என் மகள் அனிட்டா பன்னிரண்டாம் வகுப்பு. காதிலிருந்த கருவியை ஒரு பக்கம் மட்டும் கழற்றிவிட்டு அதை எடுத்துப் படித்தாள். "குட் ஃபார் யூ, மம்மா. சோ, யூ க்ளோஸ் கிட்ஸ்?" என்றாள். பிள்ளைகளை மூடுகிற வேலையா உனக்கு என்று கேட்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் கருவி திரும்பக் காதுக்குள் போய்விட்டது.

அந்தக் கோப்புகளில் ஒன்று எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்லிவிடத் தோன்றுகிறது. ஊரில் இருக்கிற நீங்கள் கேட்கிற கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கும்.

2

என் பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். நர்ஸ் படித்துவிட்டு இந்த வளைகுடா நாட்டுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்தேன். தமிழ், மலையாளம், இந்தி, அரைகுறை அரபி பேச வரும் என்பதால் நகராட்சியின் குழந்தை நலப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். எந்த நகரம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த கேக்கை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டியிருக்கும். வீட்டுக்காரருக்கு சவுதியில் அல் கோபாரில் வேலை. மகள் என் விசாவில் என்னோடு இருக்கிறாள். என் வேலை போனால் அவள் படிப்பும் பாதியில் நிற்கும்.

ஊரில் என் நாத்தனார் இதற்கு வைத்திருக்கும் பெயர் பிள்ளை பிடிக்கிற உத்தியோகம். வெளிநாட்டில் பிள்ளையை அதட்டினாலே அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வாட்ஸப்பில் வருகிற ஒவ்வொரு வீடியோவையும் தவறாமல் எனக்கு அனுப்புகிறாள். "நீயும் அப்பிடித்தான் தூக்கிட்டுப் போவியா மைனி?" என்று கேட்கிறாள். தாயே, இங்கே ஒரு பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் பதினேழு பக்கம் நிரப்ப வேண்டும். அதற்குள் பிள்ளை வளர்ந்து அதுவாகவே வேலைக்குப் போய்விடும்.

உண்மையான வேலை என்னவென்றால், பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ ஒரு பிள்ளையைப் பற்றித் தகவல் கொடுத்தால் நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். கையில் ஒரு டேப்லெட். பிள்ளைக்குத் தனிப் படுக்கை உண்டா, ஜன்னல் உண்டா, சுவரில் கூர்மையான பொருள் உண்டா என்று கேட்டுக்கொண்டே போகும். எல்லாம் முடிந்ததும் மூன்று முகங்கள் திரையில் வரும். பச்சை சிரிக்கும், மஞ்சள் சும்மா இருக்கும், சிவப்பு அழும். எங்கள் சேவை உங்களுக்கு மகிழ்ச்சி தந்ததா என்று வீட்டுக்காரர் தொட்டுச் சொல்ல வேண்டும். பெல்ட்டால் பிள்ளையின் முதுகைக் கிழித்த ஒரு தகப்பனிடமும் இதை நீட்டியிருக்கிறேன். அவன் பச்சையைத்தான் தொட்டான்.

3

ஜூன் மாதக் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. யாழினி, ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் என்ன செய்வாய் என்று டீச்சர் கேட்டதற்கு, "கதவு திறக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன்" என்று சொல்லியிருக்கிறது. யார் திறப்பார்கள் என்று கேட்டதற்கு, "அப்பா. இல்லன்னா அம்மா. யாரு முன்னாடி வர்றாங்களோ அவங்க" என்றிருக்கிறது.

அப்பா செல்வகுமார், பெரம்பலூர்ப் பக்கம். அபுதாபியில் முசஃபாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரிலும் அதுபோல ஒரு ஒர்க்‌ஷாப் பேட்டை இருக்கிறது. அங்கே கார் ஏசி மெக்கானிக். அம்மா தேவி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி நறுக்கி டப்பாவில் அடைக்கிறாள். இரண்டு பேருக்கும் டூட்டி முடிய ஏழாகிவிடும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் செல்வகுமார் வந்து பிள்ளையை ரூமில் விட்டுப் பூட்டிவிட்டுத் திரும்பப் போவார்.

அவர்கள் இருந்தது ஒரு வில்லாவில். வில்லா என்றதும் தோட்டம், ஊஞ்சல் என்று கற்பனையை ஓட்டாதீர்கள். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டை ஜிப்சம் அட்டையால் பதினொரு ரூமாகத் தடுத்து, ரூமுக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். நகராட்சி இன்ஸ்பெக்டர்கள் திடீரென்று வருவார்கள், அபராதம் போடுவார்கள், கரண்டை வெட்டி எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். அதனால் வாசலில் இருக்கிற காவல்காரர் வெள்ளை வண்டியில் சின்னத்தைப் பார்த்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அடுத்த ஐந்து நிமிடத்தில் நடப்பதை ராணுவத்துக்கே சொல்லிக்கொடுக்கலாம். குக்கர் கார் டிக்கிக்குள் போகும், பாய் மொட்டைமாடிக்குப் போகும், கொடியில் காயும் துணி மாயமாகும். பிள்ளைகளை யாராவது பக்கத்து மளிகைக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். பதினொரு குடும்பம் இருந்த இடத்தில் ஒரு குடும்பமும் அவர்களுடைய பத்து விருந்தாளிகளும் மட்டும் இருப்பார்கள்.

என் பிரிவும் நகராட்சியின் கீழ்தான். அதே வெள்ளை வண்டி, கழுத்தில் அதே சின்னம். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவளுக்கும் பாயைப் பிடுங்கப் போகிறவனுக்கும் ஒரே அட்டையைக் கொடுத்த அறிவாளி யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் என் சான்றிதழை அவருக்கே கொடுத்துவிடுவேன்.

4

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை, தேவிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் லீவு நாள். கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம், பிறகு மௌனம், பிறகு கதவு. தேவி நின்றாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு "வாங்க மேடம்" என்றாள். குரல் மட்டும் வரவேற்றது.

"பயப்படாதீங்கம்மா. நான் ரூம் பார்க்க வந்த ஆளு இல்ல. யாழினியப் பார்க்கணும்" என்றேன்.

தமிழில் பேசினால் பயம் தெளியும் என்று நினைத்தேன். அவள் கண் என் காலுக்குப் போனது. நான் செருப்போடு நின்றேன். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி, ஆபத்து என்றால் உடனே ஓட வேண்டுமாம். கட்டிலும் அலமாரியும் போக மீதியிருந்த நாலடித் தரையில், விநாயகர் படத்துக்கு முன்னால், ஒரு தமிழ்ப் பெண் செருப்பு போட்டுக்கொண்டு நின்றால் அவள் என்ன சாதி என்று தேவிக்குத் தெரியாதா? அதிகாரி சாதி.

"பாப்பா ஊர்ல இருக்கு மேடம். லீவுக்கு அனுப்பிட்டோம்."

"பள்ளிக்கூடம் இன்னும் விடலையேம்மா. நேத்து கிளாசுக்கு வந்திருக்காளே?"

"நேத்து ராத்திரி பிளைட்டு மேடம். எங்க மாமாகூட போயிட்டா."

சொல்லிக்கொண்டே இருந்தாள். திறந்திருந்த அலமாரிக் கதவின் உட்புறம் இரண்டாம் வகுப்பு டைம்டேபிள் ஒட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் ஈரச் சாக்ஸ் ஒரு ஜோடி தொங்கியது. ரூம் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, வெளிப்பக்கம் மட்டும் கொண்டி, அதில் தொங்கப் பூட்டு. கட்டிலிலிருந்து தரைவரைக்கும் போர்வை தொங்கியது. அந்த வெயிலில் யாரும் போர்வையைத் தரைவரைக்கும் தொங்கவிடுவதில்லை. அதன் ஓரம் லேசாக ஆடியது.

எனக்குத் தெரியும். இதைப் பூசி மெழுக விருப்பமில்லை. குனிந்தால் போதும், பார்த்துவிடலாம். பார்த்தால் எழுத வேண்டும். பிள்ளையை ஒளித்து வைத்திருந்தார்கள் என்று எழுதினால் போலீசோடும் இன்ஸ்பெக்டரோடும் கூட்டாகத் திரும்ப வருவார்கள், பதினொரு குடும்பமும் தெருவுக்கு வரும். பிள்ளையைக் காணவில்லை என்று எழுதினாலும் அதேதான். மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது: 'நாட்டில் இல்லை'. அதைத் தொட்டால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும், யாருக்கும் தொந்தரவு இல்லை.

பாவம் பார்த்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் முடியும் என்பதும் ஞாபகத்தில் இருந்தது. இன்னொன்றும் உண்டு. அனிட்டாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது நானும் அவளைப் பூட்டிவிட்டு டூட்டிக்குப் போயிருக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை போன் செய்து, டிவி சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். அந்தப் பெண்ணை விசாரிக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று தோன்றியது.

"சரிம்மா. ஊர்லதானே இருக்கா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கட்டத்தைத் தொட்டேன். முகங்களை நீட்டினேன். தேவி பச்சையைத் தொட்டாள்.

5

ஜூலையில் பள்ளிக்கூடம் மூடியது. பாதி நாள் பூட்டிக் கிடந்த பிள்ளை முழு நாளும் பூட்டிக் கிடந்தது. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், பதினொரு ஏசியின் சுமை தாங்காமல் அந்த வில்லாவில் கரண்ட் போனது. ஊரார் காருக்கெல்லாம் குளிர் வைத்துத் தருகிற மெக்கானிக்கின் மகள், காற்றில்லாத ரூமில், வெளியே பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தாள். அந்த ஜன்னலைத் திறக்க முடியாது, ஆணி அடித்திருந்தார்கள். எவ்வளவு நேரம் தட்டினாள் என்று தெரியாது. பக்கத்து ரூமில் டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நேபாளி செக்யூரிட்டிக்காரர் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறார். கதவைத் தேடி நேரத்தை வீணாக்காமல் நடுவில் இருந்த அட்டைச் சுவரையே உதைத்து உடைத்து உள்ளே போயிருக்கிறார். கல்சுவராக இருந்திருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சட்டத்துக்கு விரோதமான அந்தச் சுவர்தான் அவளைக் காப்பாற்றியது. எங்கள் துறை இல்லை, நான் இல்லை.

ஆஸ்பத்திரி உடனே எங்களுக்குத் தகவல் அனுப்பியது. எங்கள் கணினி அதைத் திருப்பி அனுப்பியது. இந்தக் குழந்தை நாட்டில் இல்லை.

ஆஸ்பத்திரி திரும்ப அனுப்பியது. கணினி திரும்ப மறுத்தது. மூன்று நாள் இந்தப் பந்தாட்டம் நடந்தது. நான்காம் நாள் அங்கே வேலை செய்கிற ஒரு மலையாளி நர்ஸ் எனக்கே போன் செய்தாள். "சேச்சி, குட்டி என் முன்னால படுத்திருக்கு. டிரிப் ஏறிட்டிருக்கு. உங்க ஆபீஸ் அது இல்லேங்குது. நான் யாருக்கு டிரிப் போடுறேன்?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

6

யாழினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. தேவி என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "யாழினி, இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: "நான் ஊர்ல இருக்கேன் ஆன்ட்டி."

தேவி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள்: "நீங்க அன்னிக்கு வந்தீங்கள்ல. கறுப்புச் செருப்பு. ஒரு வார் பிஞ்சிருந்துச்சு. நான் சத்தமே போடல."

"ஆமா. நீ சத்தமே போடல" என்றேன்.

அலுவலகத்தில் என் மேனேஜர் ரானியா, ஜோர்டான்காரி. கெட்டவள் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். கோப்பைத் திரும்பத் திறக்க ஒரு காரணம் எழுத வேண்டும். இன்று மாலைக்குள் திறக்காவிட்டால் எங்கள் துறையால் பொறுப்பேற்க முடியாது, விஷயம் நேராகப் போலீசுக்குப் போகும், பெற்றோர் உள்ளே போவார்கள், பிள்ளை காப்பகத்துக்குப் போகும்.

"குடும்பம் உன்னிடம் பொய் சொன்னது என்று எழுது ஸ்டெல்லா. உண்மைதானே? கலாஸ், விஷயம் முடிந்தது."

"அதிகாரியிடம் பொய் சொன்னதற்கு அவர்களை நாடு கடத்துவார்களே?"

"நீ வேறு மாதிரி எழுதினால் உன்னை அனுப்புவார்கள். உன் மகளுக்கு இது கடைசி வருடம். யோசி, ஹபீப்தி" என்றாள். அரபியில் செல்லமே என்று கூப்பிடுகிறாள்.

யோசித்தேன். டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் யோசித்தேன். அனிட்டாவின் பரீட்சை, அல் கோபாரில் இருக்கிற மனிதர், ஊரில் பாதி எழும்பி நிற்கிற வீடு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கூடவே அந்தப் பிய்ந்த வாரும் வந்து நின்றது. வெளியே வந்து தட்டச்சு செய்தேன்: 'முதல் வருகையின்போது குழந்தை கட்டிலுக்குக் கீழே இருந்தாள். அது எனக்குத் தெரியும். நான் குனிந்து பார்க்கவில்லை.' கடைசியில் என் பணியாளர் எண்ணையும் போட்டேன்.

இரண்டு வாரம் தினமும் பெட்டி கட்டுகிற மனநிலையில் அலுவலகம் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பிறகுதான் தெரிந்தது, யாரும் அதைப் படிக்கவே இல்லை. 'தகவல் பிழை திருத்தம்' என்ற தலைப்பில் அதைப் போட்டு, கோப்பைத் திறந்து, எனக்கே ஒதுக்கியிருந்தார்கள். என் மனசாட்சியைப் பிழிந்து எழுதிய மூன்று வரியும், பிறந்த தேதியில் ஒரு எண் மாறிப்போனதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

செல்வகுமாரும் தேவியும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். தேவியின் டூட்டி காலைக்கு மாறியது. பிள்ளை நாலு மணி வரை பள்ளிக்கூடத்திலேயே வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கதவின் வெளிக்கொண்டியை நானே கூட நின்று கழற்ற வைத்தேன். கோப்பை இரண்டாம் முறை முடித்தேன். ஒரே பிள்ளையின் கோப்பை நான் இரண்டு தடவை முடித்ததாகக் கணக்கில் ஏறியது. அந்தச் சான்றிதழ் இப்படித்தான் எனக்கு வந்தது.

7

கேக் வெட்டிய அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு ஒரு தொடர் வருகை இருந்தது. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னேன். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். ஆனாலும் காவல்காரருக்கு என் முகம் பழகிவிட்டது. நான் படியேறும்போதே உள்ளே கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது.

விதியாவது மண்ணாவது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தேவி சிரித்தாள், இந்த முறை முகமும் சிரித்தது. "உக்காருங்க மேடம், டீ போடுறேன்" என்று வெளியே பொதுச் சமையலறைக்குப் போனாள். யாழினி கட்டிலில் சம்மணம் போட்டு வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். உதடு ஆறியிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கட்டிலிலிருந்து போர்வை தரைவரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை குனிந்தேன். முட்டி போட்டு, போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு வயது இருக்கும், ஒரு பெண் பிள்ளை. பக்கத்து ரூமில் நேபாளிக்குப் பதில் புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் என்னைப் பார்த்தது.

யாழினி பென்சிலை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். என் கையிலிருந்த போர்வை ஓரத்தை மெதுவாக வாங்கி, பழையபடி தரைவரைக்கும் இழுத்துவிட்டாள்.

"அங்க யாரும் இல்ல ஆன்ட்டி. அவ ஊர்ல இருக்கா" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. டேப்லெட்டை எடுத்துப் புதிய கோப்பு ஒன்றைத் திறந்தேன். 'குழந்தை நேரில் காணப்பட்டது' என்ற கட்டத்தைத் தொட்டேன். அடுத்து பெயர் கேட்டது. போர்வையைத் திரும்பத் தூக்கி, தரையில் கன்னம் படக் குனிந்து, "உன் பேர் என்ன பாப்பா?" என்று கேட்டேன்.

பிள்ளை வாயிலிருந்து விரலை எடுத்தது. சொல்லலாமா என்று யாழினியைப் பார்த்தது.